அடுத்தவர் நிலத்தில் கட்டிய நூலகம்

(பெற்றோர்களுக்கான கல்விக் கருத்தரங்கு ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது கணினிக்குள் இருக்கும் நிலத்தைப் பற்றி. "கணினிக்குள் நிலமா? அதற்கு வாடகையா?" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் அந்த நிலத்துக்கு மாதந்தோறும் வாடகைச் சீட்டு வந்தது. கட்டியவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். நூலகங்கள், பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு அமைப்புகள். ஒரு நாள் அந்த வாடகை ஒரே அடியாக இரண்டு மடங்கு ஆனது. கட்ட முடியாதவர்கள் பல ஆண்டு உழைப்பை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

நடந்தது அமெரிக்காவில். நமக்கென்ன என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் ஒரு பகுதி இன்று கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கிறது. அந்த வகுப்பறை யாருடைய நிலத்தில் நிற்கிறது, வாடகையை யார் முடிவு செய்கிறார் என்று நாம் கேட்டிருக்கிறோமா? கேட்கவேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

பிள்ளைகளுக்கு இது தெரியும்; பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். கணினித் திரையில் ஓர் ஊர் இருக்கிறது. அதில் உங்களுக்கென ஓர் உருவம் உண்டு. அந்த உருவம் நடக்கும், உட்காரும், எதிரே வருபவரோடு பேசும். எதிரே வருபவரும் உலகின் வேறு மூலையில் கணினி முன் அமர்ந்திருக்கும் உண்மையான மனிதர்தான். அங்கே வீடு கட்டலாம், மேடை போடலாம், வகுப்பு நடத்தலாம். இதைத்தான் மெய்நிகர் உலகம் என்கிறோம்.

இவற்றில் மிகவும் பேசப்பட்டது 'செகண்ட் லைஃப்'. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியது. இந்த உலகத்தில் நிலத்தைத் தீவு தீவாகக் கொடுப்பார்கள். ஒரு தீவு என்பது 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். ஏறத்தாழ 16 ஏக்கர். ஆனால் அது மண் அல்ல. அந்த நிறுவனத்தின் கணினியில் ஒதுக்கப்பட்ட ஓர் இடம். அதைத் தொடங்கித் தரக் கட்டணம் தனி, மாத வாடகை தனி.

அங்கே நூலகத்துக்கு என்ன வேலை?

நூலகர்கள் விளையாடப் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே நூலகம் போகவேண்டும் என்பது அவர்கள் தொழிலின் தருமம். நடமாடும் நூலக வண்டி எந்த எண்ணத்தில் கிராமத்துக்குப் போகிறதோ, அதே எண்ணத்தில் 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த அலையன்ஸ் நூலக அமைப்பு செகண்ட் லைஃபுக்குள் 'இன்ஃபோ ஐலண்ட்' என்ற தீவைத் தொடங்கியது. பல நாட்டு நூலகர்கள் சம்பளம் வாங்காமல் முறை வைத்து அங்கே தகவல் மேசையில் அமர்ந்தார்கள். கேட்டவர்களுக்கு வழிகாட்டினார்கள். புத்தகக் கலந்துரையாடல்கள், கண்காட்சிகள் நடத்தினார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியுதவியோடு, நோய்களைப் பற்றி நம்பகமான தகவல் தரும் தீவு ஒன்றும் அங்கே உருவானது.

பல்கலைக்கழகங்களும் வந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெசன், தம் மகள் ரெபெக்காவோடு சேர்ந்து 2006-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பாடத்தை இந்த உலகத்துக்குள்ளும் நடத்தினார். ஹார்வர்டு வளாகத்தில் கால் வைக்க வசதியில்லாதவர்களும் எட்ட நின்று கேட்கக்கூடிய சட்ட வகுப்பு அது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஒருவர், மனச்சிதைவு நோயாளியின் காதில் விழும் குரல்களும் கண்ணில் தோன்றும் காட்சிகளும் எப்படியிருக்கும் என்பதை மற்றவர்கள் உணரும்படி அங்கே ஓர் அறையைக் கட்டினார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உடல் ஊனமுற்றவர்களுக்காகவும், வீட்டை விட்டு நகர முடியாத நோயாளிகளுக்காகவும் 'வர்ச்சுவல் எபிலிட்டி' என்ற தொண்டு அமைப்பு அங்கே ஒரு தீவை நடத்தியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அங்கே நடக்கலாம். காது கேளாதவர் எழுத்தில் உரையாடலாம். இப்படிப்பட்ட ஒருவருக்கு வீட்டுக்கு வெளியே நண்பர்கள் கிடைக்கும் ஒரே இடம் அதுவாகக்கூட இருக்கலாம். அங்கே வாடகை ஏறுவது இவர்களையும்தான் தொடுகிறது.

வாடகை ஏறிய கதை

இனிக் கணக்குக்கு வருவோம். 2006 நவம்பருக்கு முன்பு ஒரு தீவுக்கு மாத வாடகை 195 அமெரிக்க டாலர். அந்த நவம்பரில் புதிய தீவுகளுக்கு அது 295 ஆனது. கல்வி நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் சலுகை இருந்ததால் அவர்கள் ஏறத்தாழ பாதிதான் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்தச் சலுகை விலை 147 டாலர் 50 காசாக இருந்தது.

2008-இல் இன்னொரு சம்பவம். 'ஓப்பன்ஸ்பேஸ்' என்ற மலிவான வகை நிலத்தைப் பலர் ஆசையாக எடுத்தார்கள். மாதம் 75 டாலர். அதே ஆண்டு அக்டோபரில், அது 125 டாலர் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. நிலத்தை எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது நிறுவனம் சொன்ன காரணம். எதிர்ப்புக் கிளம்பியது. அதன்பின் சில விட்டுக்கொடுப்புகளைச் செய்து, ஏற்றத்தைப் படிப்படியாக ஆக்கினார்கள். ஆனாலும் ஒன்று அன்றே தெளிவாகிவிட்டது. விலையை எழுதும் பேனா ஒருவர் கையில்தான் இருந்தது.

பெரிய அடி 2010-இல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லிண்டன் லேப் தன் ஊழியர்களில் 30 விழுக்காட்டினரை வேலையிலிருந்து நிறுத்தியது. அக்டோபர் 4-ஆம் தேதி, கல்விச் சலுகையும் தொண்டுச் சலுகையும் முடிகின்றன, 2011 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் ஒரே விலை என்று அறிவித்தது. 147 டாலர் 50 காசு கட்டியவர் இனி 295 டாலர் கட்டவேண்டும்.

நம் கணக்கில் பாருங்கள். அன்றைய மாற்று விலையில் ஒரு தீவுக்கு மாதம் ஏறத்தாழ 450 ரிங்கிட் கட்டியவர் இனி 900 ரிங்கிட்டுக்கு மேல் கட்டவேண்டும். ஆண்டுக்கு 1,770 டாலர் என்பது 3,540 டாலர் ஆகிறது. நான்கு தீவு வைத்திருந்த பல்கலைக்கழகத்துக்கு 7,080 என்பது 14,160 டாலர்.

"பல்கலைக்கழகத்துக்கு இது ஒரு பணமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இரண்டு.

முதலாவது, அந்தப் பணத்தைக் கட்டியது பல இடங்களில் பல்கலைக்கழகத்தின் பெரிய கஜானா அல்ல. ஒரு துறையின் சிறு ஒதுக்கீடு, ஒரு மானியம், சில இடங்களில் ஆசிரியரின் சொந்தப் பை. அதிலும் 2008-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பொது நிதி வறண்டு கிடந்த நேரம் அது. இன்ஃபோ ஐலண்டைத் தொடங்கிய அலையன்ஸ் நூலக அமைப்பே தனித்து நிற்க முடியாமல் 2011-இல் வேறு நூலக அமைப்புகளோடு இணைக்கப்பட்டது.

இரண்டாவது, அவகாசம். அக்டோபர் 4-லிருந்து ஜனவரி 1 வரை மூன்று மாதம்கூட இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான கல்வி நிறுவனங்களின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கிவிடும். அதாவது அந்த ஆண்டின் பணம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது. நடுவில் போய் "இரண்டு மடங்கு வேண்டும்" என்று ஓர் ஆசிரியை நிர்வாகத்தின் முன் நின்றால் என்ன பதில் வரும்? குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. விலை ஏறுவது ஒரு துன்பம். சம்பளம் பிரித்து வைத்த பிறகு ஏறுவது அதைவிடப் பெரிய துன்பம்.

அதே காலத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த 'டீன் செகண்ட் லைஃப்' பகுதியையும் மூடப்போவதாக அறிவித்து, அந்த ஆண்டு முடிவில் மூடினார்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு வாடகையும் போச்சு, இடமும் போச்சு.

வெளியேறியவர்கள் எதை எடுத்துப்போனார்கள்?

வாடகை கட்ட முடியாவிட்டால் வேறு வீட்டுக்குப் போகலாமே? போனார்கள். 2007 ஜனவரியில் லிண்டன் லேப், தன் உலகத்தைப் பார்க்க உதவும் மென்பொருளின் மூலக் குறிப்புகளை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் 'ஓப்பன்சிமுலேட்டர்' என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை வைத்து யாரும் தம் சொந்தக் கணினியில் இதேபோன்ற உலகத்தை நடத்தலாம். வேறொருவரிடம் இடம் எடுத்தாலும் மாதம் சில பத்து டாலர்களில் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'ஜோகேடியா' என்ற கல்வியாளர் குழு உட்படப் பலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

ஆனால் சாமான்களை ஏற்றும்போதுதான் சிக்கல் புரிந்தது. முழுக்க முழுக்க உங்கள் கையால் செய்த பொருளை மட்டுமே நகல் எடுத்துப்போகலாம். அங்கே கடையில் வாங்கிய மேசை, நண்பர் செய்து தந்த கதவு, வேறொருவர் எழுதித்தந்த நிரல் ஆகியவற்றை எடுத்துப்போக உரிமை இல்லை. ஒரு நூலகக் கட்டடம் பத்துப் பேர் உழைப்பில் எழுந்திருக்கும். கூரை ஒருவருடையது, சுவர் ஒருவருடையது. எல்லாரும் தம் பங்கைத் தாமே எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு. பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நிலையில் அது நடக்குமா?

அதைவிடப் பெரிய இழப்பு மனிதர்கள். கட்டடத்தைப் பெயர்த்துப் புதிய இடத்தில் வைக்கலாம். வழக்கமாக வந்துபோன வாசகர்களைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. புதிய இடம் மலிவு. ஆனால் ஆளில்லாத தெரு. பழுது பார்க்கவும் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது விளங்கும். வீட்டு முன்னே வேலி போட்டோம், பந்தல் போட்டோம், வாழை வைத்தோம், கோயில் கட்டினோம். நிலம் மட்டும் நம் பெயரில் இல்லை. குடியிருக்கும் வீட்டை இழப்பதும் கணினியில் கட்டிய நூலகத்தை இழப்பதும் ஒன்றாகாது. அந்த வலி வேறு. ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டிலும் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: பத்திரம் யார் பெயரில்?

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞன். ஆகவே ஒரு வழக்கைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மார்க் பிராக் என்ற வழக்கறிஞர் செகண்ட் லைஃபில் நிலம் வாங்கினார். அவர் ஓர் ஏலத்தில் முறைகேடாக நிலம் எடுத்தார் என்று சொல்லி லிண்டன் லேப் அவர் கணக்கை முடக்கியது; அதோடு அவர் வைத்திருந்த எல்லாமே கைவிட்டுப் போயின. அவர் வழக்குப் போட்டார். நிறுவனம் நீதிமன்றத்தில் வந்து, "எங்கள் விதிமுறைப்படி இதை சான் ஃபிரான்சிஸ்கோவில் தனியார் நடுவர்கள் முன்தான் தீர்க்கவேண்டும்" என்றது.

2007 மே 30-ஆம் தேதி நீதிபதி எடுவார்டோ ராப்ரேனோ அந்த வாதத்தைத் தள்ளினார். அவர் பார்த்தது என்ன? ஒப்பந்தம் முழுவதையும் ஒரு தரப்பே எழுதியிருக்கிறது. மறு தரப்புக்குப் பேரம் பேச இடமில்லை. ஏற்றுக்கொள், இல்லையேல் போ. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும். சிறிய தொகைக்காக வெகுதூரம் போய், நடுவர்களுக்குப் பெரிய தொகை கட்டி வாதாடவேண்டிய நிலை. இப்படிப்பட்ட நிபந்தனை மனசாட்சிக்கு ஒவ்வாதது, ஆகவே செல்லாது என்றார். அதே ஆண்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அதனால் அந்த நிலம் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்கு அந்த வழக்கில் தீர்ப்பு வரவில்லை.

கவனியுங்கள். நீதிமன்றம் சொன்னது, "வழக்குப் போட வாசலை அடைக்காதே" என்பது மட்டும். "வாடகையை ஏற்றாதே" என்று அது சொல்லவில்லை. 2010 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் வுட்பரி பல்கலைக்கழகத்தின் செகண்ட் லைஃப் வளாகத்தையே, விதி மீறல் என்று சொல்லி நிறுவனம் அழித்துவிட்டது. யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தை ஒரு பொத்தானில் அழிக்கும் அதிகாரம் நில உரிமையாளரிடம் இருந்தது என்பதே நாம் பார்க்கவேண்டியது.

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிய ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஒரு தரப்பே எழுதி, மறு தரப்பு ஏற்றே தீரவேண்டிய ஒப்பந்தங்களை நீதிமன்றம் ஆராய அது வழி விடுகிறது. ஆனால் தனிப்பட்ட தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் வாங்குபவரையே அந்தச் சட்டம் பயனீட்டாளர் என்கிறது. பிள்ளைக்காகப் பணம் கட்டும் தாய் அதற்குள் வரலாம். ஒரு பள்ளியோ நூலகமோ தன் பணிக்கு வாங்கினால் அவ்வளவு எளிதாக அதற்குள் வர முடியாது. ஆகவே பொது நிறுவனங்களுக்குச் சட்டத்தைவிட நல்ல பாதுகாப்பு, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கும் கேள்விதான்.

நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்வது என் கடமை. கணினிகளுக்கு மின்சாரம் வேண்டும், ஊழியர்களுக்குச் சம்பளம் வேண்டும். 30 விழுக்காடு ஊழியர்களை இழந்த நிறுவனம் வருமானம் தேடுவது இயற்கை. சலுகை என்பது தருமம். தருமத்தைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் அந்த உலகத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தந்ததில் இந்த நூலகங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. "எங்கள் உலகத்தில் ஹார்வர்டு இருக்கிறது, மருத்துவ நூலகம் இருக்கிறது" என்பதைவிடச் சிறந்த விளம்பரம் ஏது? சம்பளமில்லாமல் உழைத்துத் தீவுகளை உயிரோடு வைத்தவர்களும் அவர்கள்தான். அந்த உழைப்புக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

நிறுவனமும் பிறகு கணக்கை மாற்றியது. 2013-இல் கல்விக்கும் தொண்டுக்குமான பாதி விலைச் சலுகை மீண்டும் வந்தது. 2018-இல் பொது விலையே 295-லிருந்து 249 டாலராகக் குறைக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் இடையில் வெளியேறியவர்களில் பலர் திரும்பவில்லை. கலைத்த கடையை மறுபடி விரிப்பது எளிதல்ல. வாடகை குறைந்ததும் உடைந்த நம்பிக்கை தானாக ஒட்டிக்கொள்ளாது. இத்தனைக்கும் பிறகும், தன்னார்வ நூலகர்களின் 'கம்யூனிட்டி வர்ச்சுவல் லைப்ரரி' போன்ற முயற்சிகள் தொடர்ந்து நடந்தன. அவர்கள் ஒரே உலகத்தை மட்டும் நம்பாமல் பல மெய்நிகர் உலகங்களில் கால் வைத்தார்கள். அடி வாங்கியவர்கள் கற்ற பாடம் அது.

கதை அங்கே முடியவில்லை

இது பழைய கதை என்று ஒதுக்கவேண்டாம். பெயர்கள்தான் மாறுகின்றன.

மைன்கிராஃப்ட் விளையாட்டை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அதைப் பாடம் நடத்த ஏற்றதாக ஆசிரியர்கள் சிலர் மாற்றி, 'மைன்கிராஃப்ட்எடு' என்ற பெயரில் பள்ளிகளுக்கு விற்றார்கள். ஒருமுறை வாங்கினால் போதும். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, தன் கல்விப் பதிப்பை வெளியிட்டது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர் என்று விலை வைத்தது. சிறிய தொகைதான். ஆனால் ஒருமுறைச் செலவு, ஆண்டுதோறும் வரும் செலவாக மாறியதைக் கவனியுங்கள்.

கூகுள் நிறுவனம் அட்டைப் பெட்டிக் கண்ணாடி வழியாக மாணவர்களை உலகம் சுற்றிக் காட்டிய 'எக்ஸ்பெடிஷன்ஸ்' செயலியை 2021 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறுத்தியது. 299 டாலருக்கு விற்ற குவெஸ்ட் 2 தலைக்கவசக் கருவியின் விலையை மெட்டா நிறுவனம் 2022 ஆகஸ்டில் 100 டாலர் ஏற்றியது. மைக்ரோசாஃப்டின் 'ஆல்ட்ஸ்பேஸ்விஆர்' உலகம் 2023 மார்ச் 10-ஆம் தேதி மூடப்பட்டது. மோசில்லா நடத்திய 'ஹப்ஸ்' 2024 மே 31-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ஆனால் ஹப்ஸின் மூலக் குறிப்புகள் திறந்தவையாக இருந்ததால், வேண்டியவர்கள் தாமே அதை நடத்திக்கொள்ள வழி இருந்தது. ஆல்ட்ஸ்பேஸில் இருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

மெய்நிகர் உலகத்துக்கு வெளியேயும் இதே கதைதான். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை, ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று அடக்கப்போவதாக கூகுள் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. இது உலகம் முழுவதற்கும் பொருந்திய முடிவு. மலேசியப் பள்ளிகள் பயன்படுத்திய 'ஃபிரோக் விஎல்இ' கற்றல் தளத்தை 2019-ஆம் ஆண்டின் நடுவில் கல்வியமைச்சு கைவிட்டு, கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியது. ஒரு தளத்தைக் கற்று, அதில் பாடங்களைத் தயாரித்து வைத்த ஆசிரியருக்கு இன்னொரு தளம், மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு முறையும் முதலில் விழுவது யார்? வசதியுள்ள பள்ளி ஏறிய விலையைக் கட்டிவிடும், அல்லது வேறொன்றை வாங்கிவிடும். அறுபது பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளி என்ன செய்யும்? பெற்றோரிடம் கேட்கும், அல்லது அந்த வகுப்பையே நிறுத்திவிடும். ஆகவே கணினிக்குள் ஏறும் வாடகை, கடைசியில் இறப்பர் மரம் சீவுபவர் வீட்டிலும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் வீட்டிலும் வந்து நிற்கிறது.

நீங்கள் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறீர்கள். "பிள்ளைகளுக்குப் புதிய கணினித் தளம் வாங்குகிறோம், ஆளுக்கு இவ்வளவு" என்கிறார்கள். கணினி தெரியாதே என்று வாய்மூடி உட்காராதீர்கள். இந்த ஐந்தையும் கேட்கக் கணினி அறிவு தேவையில்லை. வாடகை வீடு எடுத்த அனுபவம் போதும்.

ஒன்று: இந்த விலை எத்தனை ஆண்டுக்கு ஏறாது? எழுத்தில் இருக்கிறதா? சலுகை விலை என்றால், சலுகை போனபின் முழு விலை எவ்வளவு? முழு விலையைக் கட்ட முடியாதென்றால் அந்தச் சலுகை நமக்கு ஒரு பொறி.

இரண்டு: விலை ஏற்றுவதற்கோ மூடுவதற்கோ எத்தனை மாதம் முன்னறிவிப்பு? ஒரு பள்ளி ஆண்டாவது வேண்டும்.

மூன்று: நாம் போட்டுவைத்த பாடங்கள், படங்கள், பிள்ளைகளின் பயிற்சிகள் எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடியுமா? வேறு இடத்தில் திறக்குமா? வாங்குவதற்கு முன்பே ஒரு பாடத்தை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

நான்கு: இதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருள் உண்டா? அதைப் பார்த்துக்கொள்ள நம்மிடம் ஆள் உண்டா? கட்டற்றது என்றாலே செலவற்றது என்று நம்பிவிடாதீர்கள். ஆளுக்கும் கணினிக்கும் செலவு உண்டு. ஆனால் வாசலின் சாவி நம்மிடம் இருக்கும்.

ஐந்து: கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஓர் ஆசிரியரின் சொந்தப் பெயரிலா, பள்ளியின் பெயரிலா? அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் சாவி யாரிடம்?

இந்த ஐந்துக்கும் பதில் வராவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லவேண்டியதில்லை. "பதில் வந்தபிறகு பணம் கட்டுகிறோம்" என்று சொல்லுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பு சிறிய காகிதம்தான். நாளை பிரச்சினை வந்தால் வழக்கறிஞன் முதலில் தேடுவது அதைத்தான்.

தனியாகக் கேட்கும் பள்ளியைவிட, பத்துப் பள்ளிகள் சேர்ந்து கேட்டால் பதில் வேகமாக வரும். 2010-இல் நூலகங்களும் ஆசிரியர்களும் தனித்தனியே வாடகை கட்டினார்கள்; தனித்தனியே வெளியேறினார்கள். தொடக்கத்திலேயே சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகப் பேசியிருந்தால், மூன்று மாத அவகாசத்தில் அவர்களை இப்படி நிறுத்தியிருக்க முடியாது என்பது என் கருத்து. தொழிற்சங்கம் கண்ட நமக்கு இது புதிய பாடமல்ல.

புதிய கருவிகளுக்கு நான் எதிரி அல்லன். வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒருவர் அந்தத் தீவில் நண்பர்களோடு நடந்தாரே, அது நல்ல காரியம். வசதியில்லாத ஒருவர் ஹார்வர்டு வகுப்பை எட்ட நின்று கேட்டாரே, அதுவும் நல்ல காரியம். அந்த நல்லது நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அது அடுத்தவர் கருணையில் மட்டும் நிற்கக்கூடாது என்பதுதான் என் வாதம். பள்ளியும் நூலகமும் பொதுச் சொத்து. அவற்றை எங்கே கட்டினாலும், செங்கல்லால் கட்டினாலும் கணினிக்குள் கட்டினாலும், முதலில் பத்திரத்தைப் படியுங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.